சீந்தில் பொடியில் செல்லைத் தூண்டியது எது?

கேள்வி: எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் மேலூர் பக்கம். அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை வெட்டி வந்து, தண்டைக் காயவைத்துப் பொடித்தேன். வெந்நீரில் சாறெடுத்து, எத்தனால் ஊற்றிப் பாலிசாக்கரைடை, அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை, படியவைத்தேன். டயாலிசிஸ் பையில் மூன்று நாள் வைத்து, உறையவைத்து உலர்த்தினேன். அந்தப் பொடியை ரா 264.7 என்ற மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு விழுங்கு) செல்களுக்குக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து, செல் தூண்டப்பட்டதைக் காட்டும் நைட்ரைட்டை அளந்தேன். மில்லிக்கு 25, 50, 100 மைக்ரோகிராமில் முறையே 31, 33, 34 மைக்ரோமோலார் வந்தது. எதுவும் சேர்க்காத செல்லில் 2. ஒப்பீட்டுக்கு எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு) 1 மைக்ரோகிராம் சேர்த்ததில் 38. மாதிரியை அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தாலும் அதே அளவு. "கொதிக்கவைத்தும் குறையவில்லை என்றால் கிருமி கலந்திருக்க வாய்ப்பில்லை, கட்டுரையும் எழுதலாம், காப்புரிமைக்கும் போகலாம்" என்கிறார் வழிகாட்டி. சரிதானா? இன்னொன்று: பெரியப்பாவுக்கு முடக்குவாதம், மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார். இந்தப் பொடியைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா என்று பெரியம்மா கேட்கிறார்.

பதில்: இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சீந்தில் பாலிசாக்கரைடு செல்லைத் தூண்டியது என்று எழுத முடியாது. தூண்டியிருக்கலாம். ஆனால் உங்கள் பொடியில் எண்டோடாக்சின், அதாவது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் அதே எல்பிஎஸ், கலந்திருந்தாலும் இதே எண்கள்தான் வரும். கார்போஹைட்ரேட்டை வைத்து நோய் எதிர்ப்பு அமைப்பை மாற்ற முயலும் எவரும் முதலில் தாண்ட வேண்டிய தடை இது. தாண்டாமலே அச்சேறிய கட்டுரைகள் ஏராளம். அவற்றைப் படித்துவிட்டு உங்கள் வழிகாட்டி அப்படிச் சொல்லியிருந்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

கொதிக்கவைத்த சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. புளித்துப்போன பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளிப்பு போகாது. எல்பிஎஸ்ஸும் அப்படித்தான். 100 டிகிரியில் அரை மணி நேரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம் வைத்தாலும் பெரும்பகுதி செயலோடு இருக்கும். அதை அழிக்க உலர்வெப்பம் வேண்டும்: 250 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 180 டிகிரியில் 4 மணி நேரம். கண்ணாடிப் பாத்திரத்துக்கு அது சரி, பாலிசாக்கரைடு கருகிவிடும். 0.2 மைக்ரான் வடிகட்டியும் உதவாது; பாக்டீரியாவைத்தான் தடுக்கும், அது விட்டுச்சென்ற மூலக்கூறு ஊடே போய்விடும்.

மற்ற படிகளும் அதை நீக்கவில்லை. எல்பிஎஸ் என்பது பாதி சர்க்கரைச் சங்கிலி, பாதி கொழுப்பு. வெந்நீரில் கரைகிறது, எத்தனாலில் படிகிறது. தனி மூலக்கூறின் எடை 10,000 முதல் 20,000 டால்டன். நீரில் ஒன்றோடொன்று திரண்டு பத்து லட்சம் டால்டன்வரை போகும். 12,000-14,000 டால்டன் டயாலிசிஸ் பையை விட்டு அது எங்கே வெளியேறும்? உங்கள் முறையை வேறொரு கோணத்தில் பார்த்தால், பாலிசாக்கரைடோடு சேர்த்து எல்பிஎஸ்ஸையும் செறிவாக்கும் முறையாகவே இருக்கிறது.

எவ்வளவு கலந்திருந்தால் போதும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். பொடியின் எடையில் 0.01 சதவீதம் எல்பிஎஸ் என்று வையுங்கள். ஒரு மில்லிகிராமில் 100 நானோகிராம். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்த செல்தட்டுக் குழியில் எல்பிஎஸ் 10 நானோகிராம் இருக்கும். 25 மைக்ரோகிராம் கொடுத்ததில் இரண்டரை நானோகிராம். ரா செல் நைட்ரைட்டைக் கொட்டுவதற்கு மில்லிக்கு சில நானோகிராமே போதும். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை அளந்தால் அதற்கும் குறைந்த அளவிலேயே எகிறும். உங்கள் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். மருந்தை நான்கு மடங்காக்கியும் விளைவு மூன்று மைக்ரோமோலார்தான் கூடியிருக்கிறது. செல் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது. ஒப்பீட்டுக்கு நீங்கள் வைத்த எல்பிஎஸ்ஸும் 1 மைக்ரோகிராம், தேவைக்கு நூறு மடங்கு. இரண்டு உச்சங்களை ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. அடுத்த முறை எல்பிஎஸ்ஸை மில்லிக்கு 0.01, 0.1, 1, 10, 100 நானோகிராம் என்று வைத்து வளைகோடு வரையுங்கள், மாதிரியை 0.1 மைக்ரோகிராமிலிருந்து தொடங்குங்கள்.

எங்கிருந்து வந்திருக்கும்? கொடியின் மேலும் உள்ளும் வாழும் பாக்டீரியா ஒரு வழி. கழுவிய தண்ணீர் இன்னொன்று. ஆனால் என் சந்தேகம் முதலில் போவது அந்த மூன்று நாள் டயாலிசிஸ்மேல். குளிர் அறையிலா, மேசைமீதா என்று நீங்கள் எழுதவில்லை. மதுரை வெயிலில் மேசைமீது 35 டிகிரிக்கு மேல், பையைச் சுற்றி இரண்டு நாளைக்கு முன் வடித்துப் பிளாஸ்டிக் கேனில் வைத்த நீர், பைக்குள் கரைந்த சர்க்கரை. சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. ஊட்டம் ஏதுமில்லாத வாலைவடி நீரிலேயே வளரக்கூடியவை அவை. குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் நடுவில் மின்சாரம் எத்தனை மணி நேரம் போனது என்று பாருங்கள். சோடியம் அசைடு போட்டுத் தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வளர்ச்சி நிற்கும், ஆனால் அசைடு முழுதாக வெளியேறாவிட்டால் பிறகு உங்கள் செல்லும் நிற்கும்.

இனி, கையிலிருக்கும் பொடியைத் தூக்கிப்போடாமல் என்ன பார்க்கலாம் என்பது.

முதலில் பாலிமிக்சின் பி என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொண்டு ஒரு சோதனை. ஒரு வாரத்தில் முடியும், செலவும் குறைவு. பாலிமிக்சின் எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியைப் பிடித்து முடக்கும். மாதிரியோடு மில்லிக்கு 10 மைக்ரோகிராம் பாலிமிக்சினைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு செல்லுக்குக் கொடுங்கள். பக்கத்துக் குழிகளில் இவையும் இருக்க வேண்டும்: பாலிமிக்சின் மட்டும், 10 நானோகிராம் எல்பிஎஸ், பாலிமிக்சினோடும் இல்லாமலும், பாம்3சிஎஸ்கே4 போன்ற டிஎல்ஆர்-2 தூண்டி (டிஎல்ஆர்-2 என்பது பாக்டீரியாவின் லிப்போபுரதங்களை உணரும் செல் ஏற்பி), பாலிமிக்சினோடும் இல்லாமலும். எல்பிஎஸ் அடங்கி, டிஎல்ஆர்-2 தூண்டி அடங்காமல் இருந்தால்தான் சோதனை செல்லும். எல்பிஎஸ் குழியில் 1 மைக்ரோகிராம் வைத்தால் அந்த அளவை 10 மைக்ரோகிராம் பாலிமிக்சின் முழுதாக அடக்காது, குழம்பிப்போவீர்கள். அடங்கவில்லையே என்று பாலிமிக்சினைக் கூட்டிக்கொண்டே போனால் செல் சாகும்; நைட்ரைட் குறைந்ததை வெற்றி என்று எழுதிவிடாதீர்கள், அதே தட்டில் செல் உயிர்ப்பையும் பாருங்கள்.

மாதிரியின் நைட்ரைட் பாலிமிக்சினால் 34-லிருந்து 5-க்கு இறங்கினால் விடை பெரும்பாலும் எல்பிஎஸ்தான். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பாலிமிக்சின் நேர்மின்னேற்றம் கொண்டது. உங்கள் பொடியில் பெக்டின் போன்ற அமிலப் பாலிசாக்கரைடு இருந்தால் அதோடும் ஒட்டிக்கொள்ளும். மாறாக, பாலிமிக்சின் சேர்த்தும் இறங்கவில்லை என்றால் சீந்தில் ஜெயித்துவிட்டது என்றும் ஆகாது. பாக்டீரியாவில் எல்பிஎஸ் மட்டுமா இருக்கிறது? டிஎல்ஆர்-2-ஐத் தூண்டும் லிப்போபுரதங்களும் உண்டு, அவற்றைப் பாலிமிக்சின் தொடாது. அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் எக்கினேசியா மூலிகையை இப்படித் துருவினார்கள். ஆய்வகத்தில் அதன் சாறு மேக்ரோஃபேஜைத் தூண்டுவதில் பெரும்பங்கு பாக்டீரியா லிப்போபுரதத்துக்கும் எல்பிஎஸ்ஸுக்கும்தான் என்று 2008-ல் வெளியிட்டார்கள். சளிக்கு உலகமே வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த மூலிகை அது. லிப்போபுரத லைப்பேஸ் நொதி கொண்டு செரித்துப் பார்ப்பதும், டிஎல்ஆர்-2-ஐ மறைக்கும் எதிர்ப்பொருள் சேர்த்துப் பார்ப்பதும் இந்தக் கேள்விக்கு விடை தரும்.

இரண்டாவது, எண்டோடாக்சின் எவ்வளவு என்று காட்டும் எல்ஏஎல் சோதனை. இதற்கான சாறு குதிரைலாட நண்டின் இரத்தச் செல்லிலிருந்து எடுப்பது. ஜெல் வகைக் கிட் போதும்: 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கட்டி நிற்கிறதா வழிகிறதா என்று பார்ப்பதுதான். நடுவில் ஆர்வத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தால் கட்டி உடைந்து பொய்யான எதிர்மறை வரும். மில்லிக்கு 1 மில்லிகிராம் கரைசலை 10, 100, 1,000, 10,000 மடங்கு என்று நீர்த்துப் பாருங்கள். கிட்டின் உணர்திறன் மில்லிக்கு 0.125 எண்டோடாக்சின் அலகு, 10,000 மடங்கு நீர்த்ததிலும் கட்டி நிற்கிறது என்றால், மில்லிகிராமுக்குக் குறைந்தது 1,250 அலகு. பத்து அலகு ஏறக்குறைய ஒரு நானோகிராம், ஆக 125 நானோகிராம். உங்கள் 100 மைக்ரோகிராம் குழியில் பன்னிரண்டரை நானோகிராம் எல்பிஎஸ். அதை நேரே உங்கள் எல்பிஎஸ் வளைகோட்டில் வைத்துப் பாருங்கள். அந்த அளவு எல்பிஎஸ் மட்டுமே 34 மைக்ரோமோலார் நைட்ரைட் தருமானால் பாலிசாக்கரைடுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

நம் துறைக்கு எல்ஏஎல்லில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, அந்த நண்டுச் சாற்றில் எண்டோடாக்சினுக்குக் காரணி சி, பீட்டா-1,3-குளுக்கானுக்குக் காரணி ஜி என இரண்டு பாதைகள் இருக்கின்றன. காளான், ஈஸ்ட் குளுக்கான் செய்பவர்கள் இதில் நிச்சயம் மாட்டுவார்கள். சீந்திலிலும் மாட்டலாம், ஏனென்றால் செல்லுலோஸ் டயாலிசிஸ் பையே கொஞ்சம் குளுக்கானை விடும். குளுக்கானைத் தடுக்கும் தாங்கல் கரைசல் கேட்டு வாங்குங்கள், அல்லது மறுசேர்க்கை காரணி சி கிட் பயன்படுத்துங்கள். இரண்டாவது கண்ணி எதிர்த்திசையில் இழுக்கும்: பெக்டின் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையையே நிறுத்திவிடும், எண்டோடாக்சின் இல்லாததுபோல் காட்டும். தெரிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் சேர்த்து 50 முதல் 200 சதவீதத்துக்குள் மீள்கிறதா என்று பார்க்காத எல்ஏஎல் முடிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். முடிவை எண்ணாகத் தரும் கிட்டில்தான் இதைச் சதவீதமாகப் பார்க்க முடியும். ஜெல் கிட்டில் சேர்த்த குழாய் கட்டவில்லை என்றால் இன்னும் நீர்த்துச் செய்யுங்கள்.

ஜிசி-எம்எஸ் கருவி கிடைத்தால் மிரிஸ்டிக் வகை உள்ளிட்ட 3-ஹைட்ராக்சி கொழுப்பமிலம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதிக்கே உரிய அடையாளம் அது. நண்டுச் சாற்றின் குழப்பம் எதுவும் இதில் கிடையாது. எல்பிஎஸ்ஸில் உள்ள கேடிஓ என்ற சர்க்கரையை அளந்து எல்பிஎஸ்ஸைக் கணக்கிடும் பழைய முறையை மட்டும் தாவரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். செடியின் செல்சுவரில் உள்ள ராம்னோகாலக்டுரோனன்-2-லும் கேடிஓ உண்டு.

டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியின் தடுப்பானைச் சேர்த்து விளைவு நிற்கிறதா என்று பார்ப்பது இப்போது பலரும் செய்வது. உங்கள் விஷயத்தில் அது மட்டும் போதாது. சீந்திலிலிருந்து எடுத்த அரபினோகாலக்டன் என்ற பாலிசாக்கரைடு டிஎல்ஆர்-4 வழியாகவே வேலை செய்கிறது என்று மும்பை ஆய்வாளர்களின் வெளியீடுகள் ஏற்கெனவே உண்டு. எல்பிஎஸ்ஸும் அதே ஏற்பியில்தான் ஏறுகிறது. எனவே தடுப்பான் வேலை செய்தால் இருவரில் யார் என்று தெரியாது.

பிரித்துச் சொல்லக்கூடியது நொதிச் சோதனைதான், என் கணக்கில் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. அரபினோகாலக்டன்தான் செயல்பொருள் என்று நினைத்தால், அதை மட்டும் வெட்டும் அரபினோஃபியூரனோசிடேஸ், காலக்டனேஸ் நொதிகளால் செரித்துவிட்டுச் செல்லுக்குக் கொடுங்கள். சங்கிலி உடைந்ததும் விளைவு மறைந்தால், அது சர்க்கரையின் வேலை என்று நேராகச் சொல்லலாம். எல்பிஎஸ்ஸை இந்த நொதிகள் செயலிழக்கச் செய்யாது. மறுபக்கம் இன்னொரு பங்கை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் மிதமாகச் சூடுபடுத்தி, நடுநிலையாக்கிக் கொடுங்கள். எல்பிஎஸ்ஸின் எஸ்டர் பிணைப்புக் கொழுப்பமிலங்கள் கழன்று அது பல்லில்லாத பாம்பாகிவிடும். அரபினோகாலக்டனின் முதுகெலும்பு பெரும்பாலும் தாங்கும். ஒரு பங்கு நொதியில் செத்துக் காரத்தில் பிழைத்தால் சீந்தில். நொதியில் பிழைத்துக் காரத்தில் செத்தால் பாக்டீரியா. கடையில் வாங்கும் நொதிகளும் நுண்ணுயிரிலிருந்து வந்தவையே, அவற்றிலும் எண்டோடாக்சின் இருக்கலாம். நொதி மட்டும் போட்ட குழி இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஸ்டார்ச். சீந்தில் தண்டில் அது நிறைய. சித்த மருத்துவத்தில் சீந்தில் சர்க்கரை என்று படியவைத்து எடுப்பதும் பெரும்பாலும் ஸ்டார்ச்தான். உங்கள் பொடியில் ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள், நீலம் வந்தால் மொத்தச் சர்க்கரையை அளக்கும் ஃபீனால்-கந்தக அமில முறையில் உங்களுக்கு வரும் 'மொத்தப் பாலிசாக்கரைடு' எண்ணில் கணிசமான பங்கு இட்லி மாவிலும் இருக்கிற சமாசாரம்.

புதிதாகப் பொடி எடுக்கும்போது இந்த வரிசையில் செய்யுங்கள். கட்டைவிரல் தடிமன் தண்டு, மேலே உரியும் மெல்லிய பட்டையை நீக்கி, கழுவி, சிறு வில்லைகளாக்கி 50 டிகிரி அடுப்பில் உலர்த்திப் பொடியுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் தண்டின் மேலேயே பாக்டீரியா பெருகும். 100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் 80 சதவீத எத்தனால், இரண்டு மணி நேரம் வீதம் இரு முறை காய்ச்சி வடித்துவிடுங்கள். மஞ்சள் நிற பெர்பெரினும் ஃபீனால் பொருள்களும் இதில் போகும். இந்தப் படியைத் தவிர்த்தால் பிறகு நிறமுள்ள மாதிரி 540 நானோமீட்டரில் நைட்ரைட்டைக் காட்டும் கிரீஸ் அளவைக் கெடுக்கும். செல் உயிர்ப்பைக் காட்டும் எம்டிடி சாயத்தை ஃபீனால்கள் செல் இல்லாமலே ஊதாவாக்கும். செல் இல்லாத குழியில் மாதிரியும் ஊடகமும் மட்டும் வைத்து அளந்து கழிப்பதை எப்படியும் பழக்கமாக்குங்கள்.

மிஞ்சிய சக்கையை உலர்த்தி, 20 மடங்கு நீரில் 90 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரு முறை. நீர் என்றால் ஊசி மருந்துக்கான நீர், மில்லிக்கு 0.25 அலகுக்குள் எண்டோடாக்சின் இருக்கும் என்ற உத்தரவாதத்தோடு வருவது. கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் சொல்லிவைத்தால் வாங்கித் தருவார்கள். 10 மில்லிக் குப்பிகளை உடைத்து லிட்டர் கணக்கில் சேர்க்க முடியாது, அறுவையில் கழுவப் பயன்படுத்தும் நுண்ணுயிர் நீக்கிய நீர் பெரிய புட்டிகளில் வரும், அதைக் கேளுங்கள். பென்சைல் ஆல்கஹால் சேர்த்த நீரை வாங்கிவிடாதீர்கள், லேபிளைப் படியுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை அலுமினியத் தாளில் சுற்றி உலர்வெப்ப அடுப்பில் வையுங்கள். உங்கள் கல்லூரி அடுப்பு 200 டிகிரிக்கு மேல் ஏறாது என்றால் 180-ல் 4 மணி நேரம், அடுப்பு அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து கணக்கு. பிளாஸ்டிக் எல்லாம் பிரிக்காத புதுப் பொட்டலம்.

வடிநீரை 10,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றித் தெளியவைத்து, ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் 90 டிகிரியில் அரை மணி நேரம். ஆறவிட்டு பிஎச் 4.5-க்குக் கொண்டுவந்து அமைலோகுளுக்கோசிடேஸ் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம். அயோடினில் நீலம் வருவது நிற்கும்வரை மேலே போகாதீர்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்து நொதியை நிறுத்தி மீண்டும் சுழற்றுங்கள். புரதம் நீக்க குளோரோஃபார்ம்-பியூட்டனால் நான்குக்கு ஒன்று கலவையை, கரைசலில் கால் பங்கு சேர்த்துக் குலுக்கிச் சுழற்றினால் நடுவில் வெள்ளை ஏடு நிற்கும். ஏடு வருவது நிற்கும்வரை திருப்பிச் செய்யுங்கள், நாலைந்து முறை ஆகும். அவசரத்தில் ஏட்டையும் சேர்த்து உறிஞ்சிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிறகு நான்கு மடங்கு எத்தனால், இரவு முழுக்க 4 டிகிரி.

மூன்று நாள் டயாலிசிஸை மறந்துவிடுங்கள். 10,000 டால்டன் வடிகட்டி உள்ள சுழற்சிக் குழாயில் ஊசி நீர் விட்டு ஐந்தாறு முறை கழுவினால் ஒரே நாளில் வேலை முடியும். அடுத்து, எதிர்மின்னேற்றப் பொருள்களைப் பிடிக்கும் டிஈஏஈ-செல்லுலோஸ் தூண்: நடுநிலை அரபினோகாலக்டன் உப்பில்லாத தாங்கலில் நேரே இறங்கும், பாஸ்பேட் கொண்ட எல்பிஎஸ் தூணில் ஒட்டும். பெக்டின் வகைக்கு இது பலிக்காது, அதுவும் எல்பிஎஸ்ஸும் உப்பு ஏறும்போது சேர்ந்தே இறங்கும். அதற்கு டிரைட்டன் எக்ஸ்-114 முறை: 2 சதவீதம் சேர்த்து 4 டிகிரியில் அரை மணி நேரம் கலக்கி, 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துச் சுழற்றினால் எண்ணெய்போல் அடியில் தங்கும் சோப்பு அடுக்கில் எல்பிஎஸ் போய்ச் சேரும். மேலடுக்கை மட்டும் எடுத்து மூன்று முறை செய்யுங்கள். மிஞ்சும் டிரைட்டனைப் பாலிஸ்டைரீன் மணிகளால் உறிஞ்சாவிட்டால் செல் சவ்வு கரையும். இத்தனைக்குப் பின் 100 கிராமிலிருந்து சில நூறு மில்லிகிராம் கையில் நின்றால் மனம் தளர வேண்டாம். முன்பு கிடைத்த கிராம் கணக்கில் ஸ்டார்ச் பாதிக்கு மேல் இருந்திருக்கும். கடைசி இலக்கு, செல் குழியில் எண்டோடாக்சின் மில்லிக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே.

இன்னொரு முக்கியமான குழி வேண்டும், பலரும் விட்டுவிடுவது: செடியே இல்லாமல் வெறும் நீரை இதே பாத்திரம், இதே நொதி, இதே வடிகட்டி வழியாகக் கொண்டுவந்து செல்லுக்குக் கொடுப்பது. அதில் நைட்ரைட் வந்தால் தேட வேண்டிய இடம் ஆய்வகம்.

செல் பற்றி இரண்டே வார்த்தை. ரா 264.7 எலிச் செல். மனித மேக்ரோஃபேஜ் ஆய்வகத் தட்டில் அவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு தராது. மனித நோய் எதிர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்ல ஆசைப்பட்டால் டிஎச்பி-1 என்ற மனிதச் செல்லிலோ, நெறிமுறைக் குழு ஒப்புதலோடு தானமாகப் பெற்ற இரத்தத்தின் வெள்ளணுக்களிலோ டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-10 ஆகிய சமிக்ஞைப் புரதங்களை அளக்க வேண்டும். கன்றுக்குட்டி சீரம் வாங்கும்போது குறைந்த எண்டோடாக்சின் சான்று உள்ள புட்டியையே வாங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும். கார்போஹைட்ரேட்டால் நோய் எதிர்ப்பை மாற்ற முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற பாக்டீரியாவின் பாலிசாக்கரைடு இருக்கிறது. தனியாகக் கொடுத்தால் இரண்டு வயதுக்குள் குழந்தையின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது. ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பில் கோத்துக் கொடுத்தால் டி செல் உதவிக்கு வந்து, நினைவாற்றலுள்ள எதிர்ப்பு உண்டாகிறது. இந்தச் சர்க்கரையைப் பாக்டீரியாவே இல்லாமல் ஆய்வகத்தில் கட்டியெழுப்பித் தடுப்பூசியாக்கிக் கியூபா விஞ்ஞானிகள் 2004-ல் வெளியிட்டார்கள். ஹைதராபாத்தில் தயாராகும் டைஃபாய்டு இணைப்புத் தடுப்பூசிக்கு 2017 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி கிடைத்தது. அதிலும் அடிப்படை ஒரு பாலிசாக்கரைடு. உங்களைத் தொல்லைப்படுத்தும் எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியிலேயே ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, நஞ்சைக் குறைத்து, எம்பிஎல் என்ற பெயரில் தடுப்பூசித் துணைப்பொருளாகப் பயன்படுத்துகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் எந்தச் சர்க்கரை, எந்தப் பிணைப்பு, எவ்வளவு நீளம், எவ்வளவு தூய்மை என்று காகிதத்தில் வரைந்து காட்ட முடிகிறது. 'சீந்தில் பாலிசாக்கரைடு' என்பதற்கு இன்னும் அந்த வரைபடம் உங்களிடம் இல்லை. மோனோசாக்கரைடு விகிதம், மெத்திலேற்றப் பிணைப்பு ஆய்வு, மூலக்கூறு எடை, என்எம்ஆர் நான்கும் வேண்டும். காமராசர் பல்கலைக்கழகத்திலும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் மாதிரி அனுப்பும் வாய்ப்பை விசாரியுங்கள். செடியின் அடையாளத்தையும் உறுதிசெய்யுங்கள். டினோஸ்போரா கார்டிஃபோலியாவோடு, இலையடியில் மென்மயிர் உள்ள டினோஸ்போரா சைனென்சிஸும் மாறிப்போவதுண்டு. உலர்த்திய மாதிரித் தாள் ஒன்றை கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் காட்டி எண் வாங்கிவிடுங்கள்.

பெரியப்பா விஷயம். கொடுக்கக் கூடாது, பெரியம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன புதிய முறையில் எடுக்கும் பொடியில் குளோரோஃபார்ம், பியூட்டனால் எச்சம் இருக்கலாம்; எந்த முறையில் எடுத்தாலும் ஆய்வகப் பொடி மனிதர் வாய்க்குப் போகும் பொருளே இல்லை. கடையில் விற்கும் சீந்தில் சூரணமும் அவருக்கு இப்போது வேண்டாம். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு சொந்த மூட்டையே தாக்குகிறது, மெத்தோட்ரெக்சேட் அதை அடக்குவதற்காகக் கொடுப்பது. தூண்டும் என்று நாம் நம்பும் ஒன்றை அதே ஆளுக்கு எதற்குக் கொடுப்பது? 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்கு நோய் எதிர்ப்பு சார்ந்த கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். செடி மாறியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து. அவர் ஏற்கெனவே சீந்தில் எடுத்துக்கொண்டிருந்தால் மூட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அடுத்த கல்லீரல் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது.

காப்புரிமை இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். மரபறிவிலிருந்து வந்த பண்பை அப்படியே கோருவதை இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(p) தடுக்கிறது; அமைப்பு தெரிந்த புதிய சேர்மம் இருந்தால்தான் வாதாட இடம். இங்குள்ள உயிரியல் வளத்தை வைத்து விண்ணப்பிப்பதற்கு சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு. விண்ணப்பிக்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் கட்டுரையை முதலில் வெளியிட்டுவிடாதீர்கள், வெளியிட்டது புதியதல்ல என்றாகிவிடும்.

திட்ட அறிக்கைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்னதில் பாலிமிக்சின், மீட்புச் சோதனையோடு எல்ஏஎல், அயோடின், வெறும் நீர்க் குழி, எல்பிஎஸ் வளைகோடு இந்த ஐந்தை மட்டும் பழைய பொடியில் செய்யுங்கள். விளைவு எல்பிஎஸ்ஸால்தான் என்று வந்தால் தலைப்பை மாற்றி அதையே எழுதுங்கள்: சீந்தில் தண்டுச் சாற்றின் மேக்ரோஃபேஜ் தூண்டலில் எண்டோடாக்சினின் பங்கு. மில்லிகிராமுக்கு எத்தனை அலகு, எந்தப் படியில் எவ்வளவு ஏறியது என்று அட்டவணை போட்டால் தேர்வாளர் கேள்வி கேட்க அதிகம் மிஞ்சாது. டயாலிசிஸ் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எடுத்த பங்குகள் உறைபெட்டியில் இன்னும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எல்ஏஎல் அங்கிருந்து தொடங்கட்டும்.